எலும்பு முறிவு: விழுந்த இடத்திலிருந்து கட்டுப் பிரித்த பிறகு வரை, எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் என்று நீளும் எங்கள் தமிழ்நாடு-ஆந்திர எல்லைப் பக்கத்தில் யாராவது விழுந்து கையோ காலோ வீங்கிவிட்டால், சுற்றி நிற்பவர்களிடையே முதலில் எழும் கேள்வி ‘எங்கே கொண்டுபோய்க் கட்டுவது’ என்பதுதான். மாவுக்கட்டு அறையில் வேலை பார்ப்பவன் நான். இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்வியை ஏழாவது படியாகத்தான் வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய ஆறு படிகளைத் தாண்டிக் குதித்து வருபவர்களுக்கு, எவ்வளவு கைராசிக்காரர் கட்டினாலும் பாதிப் பலன் வழியிலேயே போய்விடுகிறது. முறிந்த எலும்பு சில மணி நேரத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். ரத்தம் போகாத தசையும் நசுங்கிய நரம்பும் பொறுக்காது. கீழே உள்ள வரிசை அந்தக் காரணத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது.

எலும்பைச் சேர்க்கவோ கட்டுப் போடவோ இது கற்றுத்தராது. அடிபட்டவருடன் செல்பவர் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், எப்போது பதற வேண்டும் என்பதே இதன் எல்லை.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

வீட்டில் இரண்டு பழைய பருத்தி வேட்டி அல்லது துப்பட்டா, ஒரு கத்தரிக்கோல், கெட்டியான அட்டைப்பெட்டி, பாரசிட்டமால் மாத்திரை ஆகியவை இருந்தால் போதும். அட்டைப்பெட்டியைக் கிழித்து மடக்கினால் முன்கையை அசையாமல் தாங்கும் அளவான தப்பை கிடைத்துவிடும்.

இவற்றைவிட முக்கியமானது ஒரு துண்டுக் காகிதம். வீட்டுப் பெரியவர் சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து, ஒவ்வாமை ஆகியவற்றை எழுதி, ஆதார் நகலோடும் காப்பீட்டு அட்டையோடும் சேர்த்து ஒரே உறையில் வைத்துவிடுங்கள். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறார் என்பது தெரியாமல் போனால் அறுவை சிகிச்சையின் நேரமும் மயக்க மருந்தின் வகையும் தவறாகத் தீர்மானிக்கப்படலாம். அந்த நேரத்தில் ‘ஒரு சின்ன வெள்ளை மாத்திரை’ என்று சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை.

108 ஆம்புலன்ஸ் எண் தமிழ்நாடு, ஆந்திரா இரண்டிலும் ஒன்றே. ஆனால் எல்லையோரத்தில் கைபேசி பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, அழைப்பு அங்கே போய்விடக்கூடும். ஆகவே ஊர் பெயரோடு மாவட்டத்தின் பெயரையும் மாநிலத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. தூக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மாங்காய்ப் பருவத்தில் மரத்திலிருந்து விழுபவர்களும், மாடிப்படியிலிருந்து உருண்டவர்களும், இருசக்கர வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்களும் கையைப் பிடித்துக்கொண்டுதான் அலறுவார்கள். அலறும் இடத்தில் மட்டும் ஆபத்து இருப்பதாக நினைத்து, இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து எழுப்பி உட்கார வைத்துவிடுகிறார்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் மிகப் பெரியது.

முதலில் நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, எங்காவது ரத்தம் பீறிடுகிறதா என்று பாருங்கள். பீறிடும் ரத்தத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை. பிறகு கழுத்திலோ முதுகிலோ வலி இருக்கிறதா, கைகால் மரத்துப்போயிருக்கிறதா, கால்விரலை ஆட்ட முடிகிறதா என்று கேளுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அவரைப் படுத்த நிலையிலேயே விட்டு, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்காகக் காத்திருக்க வேண்டும். உடைந்த முதுகெலும்பு தண்டுவடத்தை நசுக்காமல் இருப்பது பல சமயம் அந்த அரைமணி நேரக் காத்திருப்பில்தான் இருக்கிறது. பைக்கின் நடுவில் உட்காரவைத்து இருவர் அணைத்துக்கொண்டு போவதை இந்த நிலையில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

3. எலும்பா, மூட்டா, தசைநாரா?

எலும்பும் எலும்பும் சேரும் இடம் மூட்டு. அந்த இரண்டையும் இழுத்துப் பிடித்திருப்பது தசைநார். தசையை எலும்போடு பிணைத்திருப்பது தசைநாண். எலும்பு உடைந்தால் முறிவு. மூட்டிலிருந்து எலும்பு நழுவினால் பிசகு. தசைநார் இழுபட்டோ கிழிந்தோ போனால் சுளுக்கு. மூன்றுக்கும் வலியும் வீக்கமும் பொது என்பதால் வீக்கத்தின் அளவைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. சுளுக்கு பந்துபோல் வீங்கிவிடலாம். உடைந்த எலும்பு அடக்கமாக இருக்கலாம்.

வடிவம் மாறியிருப்பது, தட்டுப்பட்ட இடத்தில் எலும்பின் மீதே சுருக்கென்று வலிப்பது, எடையைத் தாங்க முடியாமல் போவது ஆகியவை முறிவை நினைக்க வைக்கும் அடையாளங்கள். அசைத்தால் நறநறவென்று சத்தம் வருகிறதா என்று சோதிப்பதற்காக வேண்டுமென்றே அசைக்காதீர்கள்.

கணுக்காலுக்கு மட்டும் மருத்துவர்கள் உலகெங்கும் பின்பற்றும் ஓர் எளிய விதி உண்டு. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992இல் வகுக்கப்பட்டது. கணுக்காலின் இரு பக்க முட்டி எலும்புகளில் ஒன்றின் நுனியிலோ, பின் விளிம்பின் கீழ் 6 செ.மீ. நீளத்துக்குள்ளோ அழுத்தினால் வலித்தாலும், விழுந்த உடனேயும் மருத்துவமனைக்கு வந்த பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும், குடித்திருப்பவர்களுக்கும் இந்த விதியை நம்ப வேண்டாம். அவர்களுக்கு வலி சரியாகத் தெரியாது.

ஏமாற்றும் முறிவுகள் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய குழிவில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், முதல் நாள் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் அங்குள்ள படகு வடிவச் சிறு எலும்பு உடைந்திருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால், கவனிக்காமல் விட்டால் சேராமலேயே நின்றுபோகும். அசையாமல் கட்டி வைத்து, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படம் எடுப்பது வழக்கம்.

மற்றொன்று பெரியவர்களின் இடுப்பு. குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்ட பாட்டியின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால், தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றுவிட்டால் அந்தப் பாட்டி நாலைந்து நாட்கள் சுவரைப் பிடித்து நடமாடுவதும் உண்டு. ‘நடக்கிறார்கள், ஆகவே முறியவில்லை’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

4. ரத்த ஓட்டம், உணர்ச்சி, அசைவு

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. செய்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடிபட்ட கையிலோ காலிலோ உள்ள மோதிரம், வளையல், மெட்டி, கயிறு அனைத்தையும் முதலில் கழற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் விரல் வீங்கிவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்குள் விரல் நீலம் பாரித்துவிடும். ‘தாலிக் கயிறு அல்ல, வளையல்தானே, அப்புறம் கழற்றலாம்’ என்று வீட்டார் தயங்கும்போது சற்றுக் கண்டிப்பாகவே இருங்கள்.

அடுத்து, அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள ஒரு விரலின் நகத்தை அழுத்தி ஐந்து வரை எண்ணி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அடிபடாத மறு கையின் அல்லது காலின் விரலிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். குளிரும் வயதும் சற்றுத் தாமதப்படுத்தும் என்பதால் ஒப்பீடு அவசியம். இரண்டு பக்கத்தையும் புறங்கையால் தொட்டு, ஒன்று மட்டும் சில்லென்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு நரம்பு. கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலின் நுனியையும் மெதுவாகத் தொட்டு, எந்த விரல் என்று சொல்லச் சொல்லுங்கள். கையில் அடி என்றால் மூன்று அசைவுகளைக் கேளுங்கள்: கட்டைவிரலை நிமிர்த்தித் தூக்குவது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் போடுவது, எல்லா விரல்களையும் விசிறி விரிப்பது. கைக்கு வரும் மூன்று முக்கிய நரம்புகளுக்கும் தலா ஓர் அசைவு இது. காலில் அடி என்றால் பாதத்தை மேல்நோக்கித் தூக்கவும் கீழ்நோக்கி அழுத்தவும் சொன்னால் போதும்.

கண்டதை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ‘மாலை 5.10, ஐந்து விரலும் அசைகிறது, சுண்டுவிரல் மரத்திருக்கிறது’ என்ற ஒரு வரி, பின்னர் பார்க்கும் மருத்துவருக்குப் பெரிய உதவி. மேற்கை எலும்பு முறிந்தவருக்கு மணிக்கட்டு தொங்கிப்போவது விழுந்தபோதே வந்ததா, எலும்பைச் சேர்த்தபோது வந்ததா என்பதைப் பொறுத்து அடுத்த சிகிச்சை மாறும். அந்த வரி இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பழிதான் ஆளாளுக்கு மாறிக்கொண்டிருக்கும்.

நகம் சிவக்கவில்லை, விரல் சில்லிட்டிருக்கிறது, அல்லது உணர்ச்சி இல்லை என்றால், இடையில் எங்கும் நிற்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகள் கையை ஊன்றி விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிவு ஏற்படும்போது இதை இரண்டு முறை பாருங்கள்; கைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய நாளம் அந்த உடைந்த முனைக்கு நேர் எதிரே ஓடுகிறது.

5. அசையாமல் கட்டுதல்

கிடந்த நிலையிலேயே கட்டுங்கள். நிமிர்த்திக் கட்ட முயலாதீர்கள். முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் இரண்டுமே தப்பைக்குள் அடங்க வேண்டும். முன்கை முறிந்திருந்தால் தப்பை முழங்கையைத் தாண்டி உள்ளங்கை வரை வர வேண்டும். மூட்டை அசையவிட்டால் அதோடு இணைந்த தசைகள் உடைந்த முனைகளை இழுத்துக்கொண்டே இருக்கும், வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும்.

தப்பைக்கும் தோலுக்கும் இடையே துணியை மடித்து வையுங்கள். முடிச்சு முறிவின் மீது வரக்கூடாது. விரல் நுனிகள் கட்டாயம் வெளியே தெரிய வேண்டும். கட்டிய உடனே நான்காம் படியை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். நகம் சிவக்கத் தாமதமானால் கட்டு இறுகிவிட்டது, தளர்த்துங்கள். கைக்குக் கழுத்திலிருந்து தொட்டில் கட்டும்போது உள்ளங்கை முழங்கையைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். காலுக்கு வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால், நடுவில் துணி வைத்து நல்ல காலோடு சேர்த்துக் கட்டலாம்.

தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலோ, முறிவின் அருகே சிறு புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, அது திறந்த முறிவு. எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். மஞ்சள், காபித்தூள், மண்ணெண்ணெய், பச்சிலை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி உடனே கிளம்புங்கள். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏற வேண்டும் என்பது இதற்கான நடைமுறை. டெட்டனஸ் தடுப்பு ஊசி போட்ட விவரமும் கேட்பார்கள்.

6. வழியில் செய்யக் கூடாதவை

சோடா உடைத்துக் கொடுப்பது, காபி வாங்கிக் கொடுப்பது, ‘வெறும் வயிறாகப் போகக்கூடாது’ என்று இட்லி ஊட்டுவது ஆகியவை அன்பின் பெயரால் நடப்பவை. மயக்கம் கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டியிருந்தால், திட உணவு உண்டு ஆறு மணி நேரமாவது கழிய வேண்டும். அந்த இரண்டு இட்லிக்காக இரவு முழுவதும் காத்துக்கிடப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

எண்ணெய் தேய்த்து உருவி விடுவதையும் சூடான ஒத்தடத்தையும் தவிர்க்கவும். புதிய அடியில் சூடு வீக்கத்தைக் கூட்டும். முழங்கையில் உருவி விடுவது இன்னும் மோசம்: காயப்பட்ட தசைக்குள் எலும்பு படிந்து, கை மடங்காமலும் நீளாமலும் நிரந்தரமாக உறைந்துவிடலாம். சுளுக்கு என்று உறுதியானாலும் முதல் இரண்டு, மூன்று நாட்களுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் கட்டி, 15 நிமிடம், நாளில் சில முறை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதுமானது. கடையில் தரும் மற்ற வலி மாத்திரைகள் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்த உறைவுத் தடுப்பு மருந்து உள்ளவர்களுக்கு ஆபத்தானவை.

7. எங்கே செல்வது?

“நேரா புத்தூருக்கே போயிடலாமாண்ணா?” என்று ஆட்டோவில் ஏற்றியபடியே கேட்பார்கள். புத்தூர் கட்டுக்கு இப்பகுதியில் உள்ள மதிப்பு எனக்குத் தெரியும். அங்கிருந்து மூங்கில் தப்பையும் முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்துக் கட்டிக்கொண்டு நன்றாக நடமாடுபவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். விலகாத முறிவுகள் அசையாமல் இருந்தாலே சேரும். யார் கட்டினாலும் சேரும். சிக்கல், எது விலகாதது என்று வெளியிலிருந்து தெரியாததில் இருக்கிறது. மேலும், தமிழ்நாடு முழுவதும் ‘புத்தூர் கட்டு’ என்று பலகை மாட்டியிருப்பவர்கள் எல்லோரும் புத்தூரில் கற்றவர்கள் என்று நினைக்கவும் வேண்டாம்.

ஆகவே என் ஆலோசனை ஒரு வரிசைதான்: முதலில் எக்ஸ்ரே, அதைப் படித்துச் சொல்ல எலும்பு மருத்துவர், அதன் பிறகு உங்கள் முடிவு. கீழ்க்கண்டவற்றில் பாரம்பரியக் கட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை: திறந்த முறிவு, ரத்த ஓட்டமோ உணர்ச்சியோ குறைந்த கைகால், மூட்டுக்குள் ஓடும் முறிவு, தொடை எலும்பு, இடுப்பு, முதுகெலும்பு, குழந்தைகளின் முழங்கை, எந்த மூட்டுப் பிசகும். இடுப்பு மூட்டுப் பிசகை ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே செலுத்தாவிட்டால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் நின்று, அது மெல்லச் சிதைந்துவிடும் அபாயம் உயர்கிறது.

மருத்துவமனை என்று வரும்போது, அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் முதலுதவியும் எக்ஸ்ரேயும் முடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் மேலே செல்லலாம். தமிழ்நாட்டுப் பக்கம் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அதற்கு மேல் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் உள்ளன, வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. ஆந்திரப் பக்கம் திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பேர்ட் மருத்துவமனை எலும்பு, மூட்டு சிகிச்சைக்கென்றே அமைந்தது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. சாலை விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. நாடு முழுமைக்குமாக, 2025 மே மாதம் முதல், சாலை விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாட்கள் வரை ரூ.1.5 லட்சத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் மத்தியத் திட்டமும் இருக்கிறது. சேர்க்கையின்போதே இவற்றின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மாநில அரசின் காப்பீட்டு அட்டை பக்கத்து மாநிலத்தில் செல்லுமா என்பதையும் அனுமதிக்கும் முன்னரே கேட்டுவிடுங்கள். விபத்து என்றால் ‘விழுந்துவிட்டார்’ என்று பொய் சொல்லாமல் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) உள்ளபடி எழுதச் செய்யுங்கள். பின்னர் இழப்பீடு கோரும்போது அந்த ஏ.ஆர். நகலைத்தான் முதலில் கேட்பார்கள்.

8. எக்ஸ்ரே எடுக்கும்போது

ஒரே கோணத்தில் எடுத்த படம் பாதிப் படம். நேராகவும் பக்கவாட்டிலும் இரண்டு கோணங்கள் வேண்டும். ஒன்றில் நேராகத் தெரியும் எலும்பு மற்றதில் முழுவதும் விலகியிருக்கலாம். முன்கை, கெண்டைக்கால் போன்ற நீள எலும்புகளுக்கு மேல், கீழ் மூட்டுகள் இரண்டும் படத்தில் விழ வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் முன்னரே சொல்லிவிட வேண்டும். கைபேசியில் எடுத்த புகைப்படத்தோடு திருப்தி அடையாமல் படத்தையோ குறுந்தகட்டையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முதல் நாள் படம் இல்லாமல் வருபவர்களே அதிகம்.

9. கட்டா, கம்பியா?

இதைத் தீர்மானிப்பவர் மருத்துவர். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எலும்பு விலகியிருக்கிறதா? முறிவு மூட்டுக்குள் செல்கிறதா? கட்டினால் அது நின்ற இடத்திலேயே நிற்குமா? மூன்றுக்கும் சாதகமான பதில் என்றால் மாவுக்கட்டு போதும். மூட்டுப் பரப்பு படியாக உடைந்திருந்தால், அந்தப் படியைச் சமன் செய்யாமல் விடுவது பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவிடும்; அதனால் தகடும் திருகும் வைக்கிறார்கள். பெரியவர்களின் தொடை எலும்புக்கு உள்ளே கம்பி செலுத்துவது, அதைச் சுற்றியுள்ள தசைகள் கட்டைவிட வலிமையானவை என்பதால்தான். முதியவரின் இடுப்பு முறிவில், உடல்நிலை இடம் கொடுத்தால், இரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை முடிவது நல்லது. ‘இந்த வயசுல எதுக்கு’ என்று படுக்கையில் போட்டுவிட்டால் படுக்கைப்புண், நெஞ்சுச் சளி, கால் நாளங்களில் ரத்த உறைவு ஆகியவை வரிசையாக வரும்.

மாவுக்கட்டு போடும்போது நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பஞ்சுச் சுற்றுக்கு மேல், நீரில் நனைத்த மாவுச் சுருள் சுற்றப்படும். சில நிமிடங்களில் அது இறுகும்போது கட்டு வெதுவெதுப்பாகச் சூடாகும், பயப்பட வேண்டியதில்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று வெந்நீர் கேட்காதீர்கள், அந்தச் சூடு தோலைப் புண்ணாக்கிவிடும். தொட்டால் கெட்டியாகத் தெரிந்தாலும் முழுவதும் உலர இரண்டு நாட்கள்வரை ஆகும். அதற்குள் விரல் நுனியால் அழுத்திப் பிடித்தால் விழும் பள்ளம் உள்ளே தோலை உறுத்திப் புண்ணாக்கும், உள்ளங்கையால் தாங்குங்கள். வீக்கம் அதிகம் இருந்தால் முதல் வாரம் அரைக்கட்டு மட்டும் போட்டு, வீக்கம் வடிந்த பின் முழுக்கட்டு போடுவார்கள். ‘பாதிதான் கட்டியிருக்கிறார்கள்’ என்று சண்டைக்குப் போக வேண்டாம். வீங்குவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

10. முதல் 48 மணி நேரம்

யார் கட்டியிருந்தாலும், எந்தக் கட்டாக இருந்தாலும், ஆபத்து மிகுந்த நேரம் இதுவே. வீக்கம் இப்போதுதான் ஏறுகிறது. கட்டு அதற்கேற்ப விரியாது. தசைகளைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டால், ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் தசையும் நரம்பும் மீளாத அளவுக்குச் சேதமாகும். இறுக்கமான கட்டால் குழந்தைகளின் கை சுருங்கி, விரல்கள் மடங்கியே நின்றுபோவதை ஜெர்மன் மருத்துவர் ஃபோக்மான் 1881இலேயே விவரித்துவிட்டார். இன்றும் அது நடக்கிறது.

அதன் முதல் அறிகுறி வலி. அடிக்குப் பொருந்தாத, மருந்துக்கு அடங்காத, நேரம் ஆக ஆக ஏறும் வலி. கட்டுக்கு வெளியே தெரியும் விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்திவிடும்போது முன்கையிலோ கெண்டையிலோ உயிர்போகும் வலி வந்தால், அது மிக வலுவான எச்சரிக்கை. மரத்துப்போவதும் வெளுப்பதும் அதற்குப் பின்னால்தான் வரும். நாடி கடைசிவரை துடிக்கலாம் என்பதால் ‘நாடி இருக்கிறதே’ என்று அமைதி கொள்ள முடியாது. ‘எலும்பு சேரும்போது வலிக்கத்தான் செய்யும்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு விடியும்வரை பொறுப்பதுதான் கையை இழக்கும் வழி.

இந்த வலி வந்தால் நள்ளிரவானாலும் கட்டியவரிடமோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ சென்று கட்டை முழு நீளத்துக்கும், உள்ளே உள்ள பஞ்சுவரை, பிளக்கச் செய்யுங்கள். போகும் வழியில் கையை நெஞ்சு மட்டத்திலேயே வையுங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் ரத்தம் இன்னும் குறையும். மூங்கில் தப்பைக் கட்டாக இருந்தால் கத்தரிக்கோலால் துணியை நீங்களே வெட்டிவிடலாம். விலகிய எலும்பை நாளைக்கும் சேர்க்க முடியும்.

இந்த அறிகுறி இல்லாதவர்கள் கையையோ காலையோ தலையணை மேல் நெஞ்சைவிட உயரமாக வைத்து, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விரல்களைப் பத்துமுறை முழுவதும் மடக்கி நீட்ட வேண்டும். அசையும் தசை தேங்கிய நீரை மேலே தள்ளும். கட்டுப் போட்ட கை என்பதற்காக விரலையும் தோளையும் சேர்த்து ஓய்வு கொடுப்பவர்கள், ஆறு வாரம் கழித்து எலும்பு சேர்ந்த, உறைந்த கையோடு வருகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகுவது இன்னும் விரைவு.

11. கட்டோடு இருக்கும் வாரங்கள்

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. இரண்டு, மூன்று வாரங்களில் அங்கே மென்மையான இணைப்புத் திசு உருவாகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அது கெட்டி எலும்பாகிறது. பிறகு பல மாதங்கள் பழைய வடிவத்துக்குச் செதுக்கப்படுகிறது. கட்டு எலும்பை ஒட்டுவதில்லை. தளம் போட்ட பின் நிற்கும் சென்ட்ரிங் பலகையைப்போல, உள்ளே இறுகும்வரை வடிவத்தைத் தாங்குகிறது, அவ்வளவே.

பெரியவர்களுக்குத் தோராயமாக விரல் எலும்பு மூன்று, நான்கு வாரம், மணிக்கட்டு ஆறு வாரம், மேற்கை எட்டு முதல் பன்னிரண்டு, கெண்டைக்கால் பெரிய எலும்பும் தொடையும் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் அல்லது அதற்கு மேல். குழந்தைகளுக்கு இதில் பாதி போதும்.

மறுபரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். சேர்த்து வைத்த மணிக்கட்டு, வீக்கம் வடிந்து கட்டு தளரும்போது நழுவுவது முதல் பத்து நாட்களில்தான். ஒரு வாரத்தில் எடுக்கும் படத்தில் அது தெரிந்தால் எளிதாகத் திருத்தலாம். மூன்று வாரம் கழித்து என்றால் கோணலாகவே இறுகியிருக்கும். வலி குறைந்துவிட்டது என்பதால் படத்தைத் தள்ளிப்போடுவது இந்தக் கட்டத்தின் பொதுவான தவறு.

அரிக்கிறது என்று குச்சி, ஸ்கேல், பின்னல் ஊசி விடாதீர்கள். உள்ளே விழும் கீறல் சீழ் பிடித்து நாற்றம் வரும்வரை தெரியாது. குளிக்கும்போது பாலித்தீன் உறை போட்டாலும் கையை நீருக்கு வெளியே நீட்டியே வையுங்கள். கட்டினுள் ஒரே இடத்தில் எரிச்சல் தொடர்ந்தால் அங்கே தோல் புண்ணாகிறது, திறந்து பார்க்கச் சொல்லுங்கள். காலில் கட்டோடு இருப்பவருக்குக் கெண்டையில் புதிதாக வீக்கமும் வலியும், அல்லது திடீரென மூச்சுத்திணறலும் வந்தால் அது ரத்த உறைவாக இருக்கலாம். அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

உணவில் எல்லோரும் கேட்பது ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும். பிடித்திருந்தால் சாப்பிடுங்கள். சூப்பில் சுண்ணாம்புச் சத்து பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை; 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. இருக்கிறது, நாள் ஒன்றுக்குத் தேவை சுமார் 1,000 மி.கி. களி, பால், முட்டை, பருப்பு, கீரை என்று முறையாகச் சாப்பிடுபவருக்குத் தனி மருந்துணவு வேண்டாம். பீடி, சிகரெட் மட்டும் கட்டாயம் நிற்க வேண்டும். எலும்பு சேர்வதை அது தெளிவாகத் தாமதப்படுத்துகிறது. சர்க்கரை அளவையும் கட்டுக்குள் வைத்திருங்கள்.

12. கட்டுப் பிரித்த பின்

கட்டு வெட்டும் மிஷினின் சத்தத்தைக் கேட்டுக் குழந்தைகள் மட்டுமல்ல, மீசைக்காரர்களும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். அந்த வட்டத் தகடு சுழல்வதில்லை, மிகச் சிறிய அளவில் முன்னும் பின்னும் அதிர்கிறது; கெட்டியான மாவை வெட்டும், நெகிழும் தோலை எளிதில் வெட்டாது. சூடாக உணர்ந்தால் மட்டும் சொல்லுங்கள்.

உள்ளே இருந்து வருவது மெலிந்த, செதில் உரியும், வலுவற்ற கை. இது இயல்பு. தோலைச் சுரண்டாமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். உருவிவிட ஆள் தேடாதீர்கள். முதலில் நீங்களே அசைக்கும் அசைவுகள், அடுத்து எடையில்லாத முழு அசைவு, அதன் பிறகுதான் வலுவூட்டும் பயிற்சி என்பதே வரிசை. பயிற்சிக்குப் பின் ஒரு மணி நேரத்தில் அடங்கும் வலி சரியான அளவைக் காட்டும்; மறுநாள் காலை வீக்கமாக நிற்கும் வலி மிகையைக் காட்டும். பிறர் பிடித்து இழுத்து மடக்குவது, குறிப்பாக முழங்கையில், கூடாது.

காலில் எப்போது எடை போடலாம் என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாக்கரின் துணையோடு முதலில் பாதத்தைத் தரையில் தொட மட்டும், பின் பாதி எடை, பின் முழு எடை என்று ஏறுவார்கள். விசைத்தறியில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்கள் ‘கட்டுப் பிரித்தாயிற்று’ என்று மறுநாளே தறிக்குத் திரும்புவது இங்கே சாதாரணம். முதல் வாரங்களில் அரைநாள் வேலையும், இடையிடையே காலை உயர்த்தி உட்காருவதும் என்று முதலாளியிடம் முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

13. சிறு விழுதலில் முறிந்தது என்றால்

நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர் என்றால், சிகிச்சை கட்டோடு முடிவதில்லை. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதன் டி மதிப்பெண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று பொருள். அதற்கு மருந்து உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களும், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மணிக்கட்டு முறிந்த பெண்மணிக்கு அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம் என்பதால், மணிக்கட்டின் கட்டு பிரிக்கும் அன்றே இதற்கான சீட்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் குளியலறைத் தரைக்கு வழுக்காத பாயும், கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் குழாயும், இரவில் அணையாத சிறு விளக்கும் அந்த வாரத்திலேயே பொருத்திவிடுங்கள். கொத்தனாருக்கு அரைநாள் வேலைதான்.